மறுபக்கம் பார்த்த லைப்ரரியம்மா

என் மருமகள் ஒரு வகை ஆங்கில நாவல்களாக வாங்கி அடுக்குகிறாள். எல்லாவற்றிலும் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு நூலகம், அதில் ஒரு பூனை, பூனைக்குச் சொந்தக்காரியாக ஒரு நூலகர் அம்மாள். ஊரில் கொலை விழுந்தால் போலீஸ் வருவதற்குள் இந்த அம்மாள் வந்துவிடுவார். நடுநடுவே கேக் சாப்பிடுவார். கடைசியில் சந்தேகப்பட்டவர்கள் அத்தனை பேரையும் ஓர் அறையில் கூட்டி உட்காரவைத்து, "கொலைகாரர் இதோ" என்று விரலை நீட்டுவார். ரத்தம் அதிகம் இருக்காது. நம் வயதுக்கு ஏற்ற கொலைகள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே வாரத்துக்கு ஒன்று முடித்துவிடுகிறேன்.

"இப்படியெல்லாம் எங்கயாவது நடக்குமா அத்தை?" என்று மருமகள் சிரித்தாள். நடந்திருக்கிறது. நம்மில் யாருக்கும் தெரியாமல், மதுரையில், தெற்குவாசல் பக்கத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் நடந்தது. கொலை இல்லை, பூனையும் இல்லை. ஆனால் துப்புத் துலக்கிய நூலகர் இருந்தார். எனக்குத் தெரிந்து அவருக்கு இணையான ஆள் அந்த நாவல்களில் இன்னும் வரவில்லை.

உங்களுக்கும் அப்படி ஒரு கிளை நூலகம் நினைவிருக்கும். உள்ளே நுழைந்ததும் நியூஸ் பேப்பரும் மைதாப் பசையும் கலந்த ஒரு வாடை. மின்விசிறி சுற்றும்போது பேப்பர் பறக்காமல் இருக்க மேசையில் கூழாங்கற்கள். ஊதா மைப் பெட்டி, நாளைத் திருகி மாற்றும் முத்திரை. அந்த முத்திரை தேதித் தாளில் விழும் 'டொக்' சத்தம் எனக்கு அம்புட்டு பிடிக்கும். நான் ஐந்தாவது முடித்திருந்த கோடை லீவு அது. திருவிழா முடிந்து ஊரே வெயிலில் படுத்துக் கிடந்தது. வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் அந்த நூலகம்தான்.

நூலகர் அம்மாவை எல்லோரும் லைப்ரரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். திருமங்கலத்தில் வேலை பார்த்துவிட்டு எங்கள் கிளைக்கு மாற்றலாகி வந்தவர். குள்ளமாக, கனத்த கண்ணாடியோடு, எப்போதும் நூல் புடவையில் இருப்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒருவர் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, "கடைசி அத்தியாயம் படிக்கலையா?" என்பார். அவர் திகைத்துப் போய், "ஆமாம்மா, எப்படித் தெரியும்?" என்பார். பக்கங்கள் ஒட்டிக்கொண்டே இருந்ததை இவர் பார்த்திருப்பார். அவ்வளவுதான் வித்தை. ஆனால் எனக்கு அது ஜோசியம் மாதிரி இருந்தது.

அவராக ஏற்படுத்திய ஒரு வழக்கம் அங்கே இருந்தது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. பூட்டிய கட்டடத்துக்குள் புத்தகம் சும்மா கிடந்து என்ன பயன் என்று, வியாழன் சாயங்காலம் போன வாரத்து வார இதழ்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். சனிக்கிழமை காலையில் திரும்பி வந்துவிட வேண்டும். நீள நோட்டு ஒன்றில் யார் எடுத்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அதில் 'குறிப்பு' என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு. அது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

அப்படி வியாழன்தோறும் எங்கள் வீட்டுக்கு வருவது பெண்கள் படிக்கும் ஒரு வார இதழ். அத்தை பெயரில் வரும். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டில் இருந்தார். தொடர்கதைப் பைத்தியம். அந்த இதழில் ஒரு துப்பறியும் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. பெட்டிக்கடை, சலூன், டைப்ரைட்டிங் வகுப்பு என்று எங்கெங்கோ சொல்லிவைத்து, பழைய இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசியால் தைத்து அட்டை போட்டு பைண்டு பண்ணி வைப்பார். அந்தக் காலத்தில் நம் வீடுகளில் யார்தான் அதைச் செய்யவில்லை? அத்தையிடம் அப்படிப் பதினாறு கட்டு இருந்தது. தெருவே அவரிடம்தான் கடன் வாங்கிப் படித்தது.

அத்தைக்கு நூலகர் ஆக வேண்டும் என்று ஆசை. நூலகச் சான்றிதழ்ப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். அதோடு ஒரு நூலகரின் நற்சான்றுக் கடிதமும் வேண்டும். லைப்ரரியம்மா எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அவ்வளவு இஷ்டமில்லை. "கடிதம் கிடைச்சா படி. இல்லாட்டி பரவையில ஒரு மாப்பிள்ளை இருக்காரு, பேசி முடிச்சிருவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பரவை மாப்பிள்ளையை அத்தை ஒரு தடவை பார்த்திருந்தார். அதைப் பற்றிக் கேட்டால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை வெடி வெடித்தது. தினமும் காலையில் வந்து முதல் நாற்காலியில் உட்காரும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் பழைய இதழ் ஒன்றைக் கேட்டு வாங்கினார். பெண்கள் இதழ்தான். துப்பறியும் தொடர்கதைக்காக ரகசியமாக அதைப் படிப்பவர். விட்டுப்போன அத்தியாயத்தைத் தேடினால் அந்தத் தாளைக் காணோம். பிளேடால் சுத்தமாக வெட்டியிருந்தது. அடுத்த இதழிலும் தொடர்கதைத் தாள் இல்லை. அதற்கடுத்த இதழிலும் இல்லை. நோட்டைப் புரட்டினால் மூன்று வாரமும் அத்தையின் கையெழுத்து.

"இதுக்கு மேல என்னம்மா விசாரணை?" என்று வாத்தியார் கத்தினார். "ஊருக்கே தெரியும், அந்தப் பொண்ணு கதையைக் கிழிச்சு பைண்டு பண்ணுற பொண்ணு. திங்கக்கிழமை ஆபீசர் ஆய்வுக்கு வாராரு. நீங்க சொல்லலைன்னா நானே எழுதிக் குடுப்பேன்."

லைப்ரரியம்மா மூன்று இதழ்களையும் வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். "திங்கக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு அய்யா" என்று மட்டும் சொன்னார்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா அத்தையை நடுவீட்டில் நிறுத்திக் கேட்டார். "நீ வெட்டுனியா இல்லையா?" அத்தை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "தெரியலண்ணே" என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எம்புட்டு வெங்காயம் நறுக்கினார் என்று எனக்கு இப்போதுகூட ஆச்சரியம்தான். நானும் அத்தைதான் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பதினாறு கட்டையும் அலமாரியிலிருந்து இறக்கி, அந்த அத்தியாயங்கள் இருக்கின்றனவா என்று தேடிக்கூடப் பார்த்தேன். இல்லை. எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை லைப்ரரியம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "திருமங்கலம் வரைக்கும் போறேன். பேச்சுத்துணைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டுப் போகவா?" என்று கேட்டார். வெளியூர்ப் பயணம் என்றதும் நான் என் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். மஞ்சள் சட்டை. கையில் பஃப், கழுத்தில் அலை அலையாக வெட்டிய காலர், இலை மாதிரி ஒரு பை. எதிர்வீட்டில் ஒரு சௌராஷ்டிர அம்மா தையல் மிஷின் வைத்திருந்தார். அவர் தைத்துக் கொடுத்ததாக அம்மா சொல்லியிருந்தார். நம் தெருவில் அப்படி ஒரு காலரை யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, என் காலரைக் காற்று தொட்டுவிட்டுப் போவதை நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் லைப்ரரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாப்பா, உங்க அத்தை வீட்ல சண்டை போடுவாளா?"

"பயங்கரமா போடுவாங்க. தோசை ஓரம் கருகுனாக்கூட போடுவாங்க."

"அப்படியா? இதுக்கு மட்டும் ஏன் போடல?"

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "செய்யாதவ ஒண்ணு சண்டை போடுவா, இல்ல அழுவா. செஞ்சவ பொய் சொல்லுவா. இவ எதுவுமே செய்யல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு திருமங்கலம் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

திருமங்கலத்து நூலகர் அவருடைய பழைய தோழி. விடுமுறை நாளென்பதால், இவர் கேட்டிருந்த மூன்று இதழ்களையும் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்திருந்தார். அதே மூன்று வாரம், தாள் வெட்டப்படாத பிரதிகள். எனக்கு ஒரு தம்ளர் மோரைக் கொடுத்துவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்து விரித்தார்கள். தோழி தொடர்கதையை வேகமாகப் படித்து, "இதுல வெட்டிக்கிட்டுப் போற அளவுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார்.

லைப்ரரியம்மா அந்தத் தாளைத் திருப்பினார்.

மறுபக்கத்தில் தையல் பகுதி இருந்தது. குழந்தைகள் சட்டை தைக்கக் கற்றுக்கொடுக்கும் பகுதி. வாரம் ஒரு துண்டு, நிஜ அளவிலேயே, பக்கம் முழுக்கக் கோடு போட்டிருந்தது. முதல் வாரம் பஃப் கை. இரண்டாவது வாரம் அலை வெட்டுக் காலர். மூன்றாவது வாரம் இலை வடிவத்தில் ஒரு பை. 'கோட்டின் மேல் வெட்டி எடுத்துத் துணியில் வைக்கவும்' என்று கீழே அச்சிட்டிருந்தது.

லைப்ரரியம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாகக் கையை நீட்டி, மடங்கியிருந்த என் காலரைச் சரி செய்தார். "நல்லாருக்கு பாப்பா சட்டை. யார் தச்சது?" என்றார். "எதிர்வீட்டு அம்மா" என்றேன், மோர் மீசையோடு. அவர் தலையாட்டிக்கொண்டார். ஊரெல்லாம் தேடிய தடயத்தை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெருமையாக மோர் குடித்துக்கொண்டிருந்தேன். மருமகளின் நாவல்களில் இப்படி ஒரு முட்டாள் பாத்திரம் கண்டிப்பாக ஒன்று இருக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதன் மேல் ஒரு பாசம்.

திரும்பி வந்ததும் என்னிடம் சொல்லி அனுப்பினார். "நாளைக்குக் காலையில அம்மாவை லைப்ரரிக்கு வரச் சொல்லு. சட்டை அளவு ஒண்ணு கேக்கணும்னு சொல்லு."

அதைச் சொன்னதும் அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் படிப்பது என்றால் அத்தை, பேப்பர் பார்ப்பது என்றால் அப்பா. அம்மா எதையும் படிப்பதாக யாரும் நினைத்ததே இல்லை. அத்தை வியாழன் ராத்திரியே இதழை முடித்து ஜன்னலில் போட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை மத்தியானம், நாங்கள் தூங்கும் நேரத்தில், அம்மா அதை முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறார். தையல் கற்று நாலு வீட்டுத் துணி தைக்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. அப்பா மில் ஆபீஸில் குமாஸ்தா. "ஊர்த் துணியை என் பொண்டாட்டி தச்சா, ஆபீஸ்ல என்னைப் பத்தி என்ன பேசுவாய்ங்க?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதனால்தான் எதிர்வீட்டு மிஷின், அதனால்தான் பொய். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை.

சனிக்கிழமை காலையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல்முறை. உள்ளே வாத்தியார் இருந்தார், பேப்பர் படிக்கும் நாலைந்து பேர் இருந்தார்கள், லைப்ரரியம்மா அந்த வாரமும் தயங்காமல் கொடுத்தனுப்பிய இதழைத் திருப்பித் தர வந்த அத்தையும் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கதையில் என்றால் இதுதான் சமயம். எல்லோரும் கூடியாகிவிட்டது, விரலை நீட்ட வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் லைப்ரரியம்மா என்ன செய்தார் தெரியுமா? எல்லோரையும் வெளியே அனுப்பினார்.

"அய்யா, அஞ்சு நிமிஷம் எல்லாரும் வெளிய நில்லுங்க. அலமாரியை நகர்த்தணும்." அத்தையையும் பார்த்து, "நீயும் போம்மா" என்றார். கதவை ஒருக்களித்துச் சாத்தினார். அம்மா என் கையை விடாததால் நான் மட்டும் உள்ளே நின்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா இடுப்பில் சொருகியிருந்த ஒரு பழுப்புக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தார். "நாந்தாம்மா. அவ இல்ல. அவளுக்குக் கடிதம் குடுத்துருங்க. எம்மேல எழுதிக் குடுத்தாலும் சரி, அவளுக்குக் குடுத்துருங்க" என்று ஒரே மூச்சில் சொன்னார்.

"தெரியும்மா" என்றார் லைப்ரரியம்மா. "அவளுக்கும் தெரியும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா சட்டையைப் பார்த்த அன்னைக்கே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ படிச்ச இதழ்தானே. எதிர்வீட்டு அம்மா தச்சதுன்னு பாப்பாகிட்டயே சொல்லி மறைச்சிருக்கீங்க, வீட்டுக்காரருக்குப் பிடிக்காதுன்னுதானே? உங்களைச் சொன்னா உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், உங்க தையல் நின்னு போகும். அதான் வாயை மூடிக்கிட்டா. படிப்பு போனாலும் பரவாயில்லன்னு நின்னா பாருங்க."

அம்மா அப்படி அழுது நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் அழுதார். "பழசுதானே, எடைக்குத்தானே போடுவாக, நம்ம வீட்ல வெட்டுற மாதிரிதானேன்னு நெனச்சுட்டேன். ஊர் பேச ஆரம்பிச்ச பிறகு சொல்ல தைரியம் வரல" என்றார்.

"இது வீட்டுப் பழசு இல்லம்மா. இதுக்கு ஒரு நம்பர் இருக்கு. உங்களுக்கு அப்புறம் இன்னொருத்தர் இந்தச் சட்டையைத் தைக்கணும்ல?" என்றார் லைப்ரரியம்மா. குரலில் கோபம் இல்லை. ஆனால் அம்மா அதற்குத்தான் அதிகம் குன்றிப்போனார். பிறகு லைப்ரரியம்மா டிராயரைத் திறந்து, நான் புகார் எழுதும் தாள் என்று பயந்துகொண்டிருந்த ஒன்றை எடுத்து நீட்டினார். உறுப்பினர் விண்ணப்பம். "இதுதான் தண்டனை. தையல் புத்தகம் ரெண்டு இருக்கு, யாரும் எடுக்குறதே இல்ல. இனிமே உங்க பேர்லயே எடுங்க, பார்த்து வரைஞ்சுக்கங்க. வெட்டாதீங்க."

கதவைத் திறந்ததும் வாத்தியார்தான் முதலில் நுழைந்தார். "பக்கம் கிடைச்சிருச்சு அய்யா. கதைக்காக யாரும் வெட்டல" என்றார் லைப்ரரியம்மா.

"யாரு வெட்டுனது?"

"அது லைப்ரரிக்கும் வாசகருக்கும் உள்ளது. உங்களைப் பத்தி யாராவது கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். பெண்கள் இதழை யார் ஒளிச்சு ஒளிச்சுப் படிக்கிறாங்கன்னு எத்தனையோ பேர் கேட்டாங்க, நான் சொன்னேனா?"

வாத்தியார் இருமினார். அதற்கப்புறம் அவர் கேள்வியே கேட்கவில்லை. அத்தையைப் பார்த்து, "தப்பா நெனச்சுட்டேம்மா" என்று சொன்னார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையைத் தொட்டுத் தொட்டு, கவரிலிருந்த தாள்களை இதழ்களில் சேர்த்து, வெட்டிய கையையும் பையையும் அவற்றில் பொருத்தி ஒட்டினார். இரண்டாவது இதழில் மட்டும் காலர் அளவுக்கு ஓட்டை ஒன்று கடைசிவரை இருந்தது. அந்தத் துண்டு கவரில் இல்லை. லைப்ரரியம்மா ஓட்டைக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டு, இதழை மூடிவைத்தார்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார், போனார். அத்தைக்குக் கடிதம் கிடைத்தது. பரவை மாப்பிள்ளை தப்பித்தார். அம்மாவின் விண்ணப்பத்தில் ஜாமீன் கையெழுத்து அப்பாதான் போட்டார். "நீ எதுக்கு லைப்ரரிக்கு?" என்று கேட்டார். "படிக்கத்தான்" என்றார் அம்மா. அது பொய்யும் இல்லை. இரண்டு வருடம் கழித்து எங்கள் வீட்டுக்கே ஒரு மிஷின் வந்தது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்கு எண்ணெய் விடுவது அவர்தான். அவனியாபுரம் வரை பெண்பிள்ளைகள் அந்த அலைக் காலரோடு திரிந்தார்கள்.

லைப்ரரியம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். விலாசம் எங்களிடம் இல்லை. எத்தனையோ பேரை எனக்குப் பிடித்திருக்கிறது, மதித்திருக்கிறேன். ஆனால் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டு, கண்டுபிடித்த பெருமையை அப்படியே விழுங்கிக்கொள்ள முடிந்த இன்னோர் ஆளை நான் பார்க்கவில்லை.

அத்தை நூலகராகி, ஊர் ஊராகச் சுற்றி, ரிட்டயர் ஆகும் முன்பு கடைசியாக அதே தெற்குவாசல் கிளைக்கு வந்து சேர்ந்தார். ஒருநாள் பழைய பீரோவைச் சுத்தம் பண்ணும்போது அந்த நீள நோட்டு கிடைத்தது. அன்று சாயங்காலமே எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா அப்போது மிஷினை விட்டுவிட்டு, கண் ஆபரேஷன் முடிந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கோடையைப் பற்றி இருவரும் அதுவரை ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை. அத்தை அந்தப் பக்கத்தைத் திறந்து, 'குறிப்பு' என்ற கட்டத்தில் ஊதா மையில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

"மூன்று இதழ்கள். முழுமையாகப் பயன்பட்டன."

அம்மா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, மிஷினின் சின்ன டிராயரைத் திறந்து, பாபின்களுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே மஞ்சளாகிப்போன தாள், அலை வெட்டுக் காலர். பின்னால் பாதிப் பாதி வரிகளாகத் துப்பறியும் கதை.

"முழுசா இல்ல. இது ஒண்ணு எங்கிட்டயே நின்னு போச்சு. அம்புட்டு நல்லா அமைஞ்சிருந்துச்சு, குடுக்க மனசு வரல. இந்தா, சேத்துரு" என்று நீட்டினார்.

அத்தை அதை வாங்கிப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, லைப்ரரியம்மாவின் வரிக்குக் கீழே என்னமோ எழுதிவிட்டு, காலரை மறுபடி அம்மா உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"ரினியூவல் போட்டுட்டேன் மதினி. நீங்களே வச்சுக்கங்க."